0.057 என்ற எண்ணின் பெயரால்

நுரையீரல் புற்றுநோய்க்கான இவோனெசிமாப் மருந்துக்கு அனுமதி வேண்டுமானால், அது நோயாளியின் மொத்த ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்குப் புள்ளியியல் உறுதி கொண்ட சான்று அவசியம் என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி வழங்குவோர் எடுத்திருப்பதாக 2025 மே மாதம் தெரியவந்த நிலைப்பாடு, எச்சரிக்கையின் பெயரால் நோயாளிகளின் காலத்தை வீணாக்கும் பிடிவாதமாகும்.

புற்றுக்கட்டி தனக்கு ஊட்டம் தரும் புதிய ரத்தக் குழாய்களை வளர்க்க விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அக்குழாய்கள் கோணல்மாணலாக வளர்வதால் நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் நுழையத் திணறுகின்றன. நுழைந்துவிடும் டி அணுக்களையும், அவற்றின் மேலுள்ள பிடி-1 என்னும் தடையைப் பயன்படுத்திப் புற்றணுக்கள் முடக்கிவிடுகின்றன. இவ்விரண்டையும் ஒரே மூலக்கூறால் தடுப்பதற்கென்று வடிவமைக்கப்பட்ட இருமுனை எதிர்ப்பொருளே இவோனெசிமாப்.

இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் கொண்ட நுரையீரல் புற்றுநோயில் ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் பலன் தராமல் போனவர்களிடம், சீனாவிலும் மேற்கு நாடுகளிலும் நடந்த ஆய்வில், கீமோதெரபியுடன் இம்மருந்தையும் பெற்றவர்களுக்கு நோய் முற்றும் அல்லது மரணம் நேரும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இறப்பு அபாயம் மட்டும் 21 சதவீதம் குறைந்தது. மருந்தால் பலனே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றக்கூடிய வாய்ப்பைக் குறிக்கும் எண், வழக்கமான 0.05-க்குக் கீழே இறங்காமல் 0.057-இல் நின்றதுதான் குறையாகச் சொல்லப்படுகிறது. ஆயுள் கூடவில்லை என்று அந்த எண் சொல்லவில்லை. ஐயம் சிறிதளவு மிஞ்சுகிறது என்றே சொல்கிறது. நோய் முற்றாமல் கழிந்த காலம் ஐயத்துக்கு இடமின்றி நீண்டிருக்கும்போது, அந்த ஆதாயத்தை ஒதுக்கிவிட்டு மயிரிழை வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வது அறிவியல் ஆகாது.

இதே ரத்தக் குழாய்த் தடுப்பு முறையில் அமைந்த பெவாசிசுமாப் மருந்தை, வல்லுநர் குழு 5-4 என்ற கணக்கில் எதிர்த்த பிறகும், நோய் முற்றாத காலத்தை மட்டுமே நம்பி 2008-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதித்துவிட்டு, ஆயுள் கூடவில்லை என்று கண்டு 2011 நவம்பரில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றவர்களும் இவர்களே. சூடு கண்ட பூனையின் அச்சம் என்று இன்றைய கண்டிப்புக்கு விளக்கம் தரவும் வழியில்லை; ஏனெனில் 2018-இல் ஓசிமெர்டினிப்பை முதல்நிலைச் சிகிச்சையாக அனுமதித்தபோது, ஆயுள் பற்றிய முடிவு முதிரும் முன்பே நோய் முற்றாத காலத்தைப் போதுமென ஏற்றுக்கொண்டார்கள். சீனாவில் மட்டும் நடந்த ஆய்வுக்கும் கதவு திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையை வளரவிட்டு, 2022-இல் சிண்டிலிமாப் என்ற மருந்து அப்படியோர் ஆய்வுடன் வந்தபோது அதே கதவைச் சாத்தினார்கள். மருந்துக்கு ஒன்றாக அளவுகோல் மாறுமானால், அதை நம்பி எவர் ஆய்வை வடிவமைக்க முடியும்?

சீனா 2024 மே மாதமே இதே நோயாளிகளுக்கு இம்மருந்தை அனுமதித்துவிட்டது. அமெரிக்க அதிகாரிகள் தங்கள் அளவுகோலைச் சீராக்கி, இந்த நிலைப்பாட்டைத் தாமதமின்றி மறுபரிசீலனை செய்ய வேண்டும். சீனாவிலும் மேற்கு நாடுகளிலும் நடந்த அந்த இவோனெசிமாப் ஆய்வில் கீமோதெரபியை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 14 மாதங்களே.