தெற்கு வானம் தெரியும் வீடு



பிழைப்பிற்காகத் தில்லிக்கு வந்த நம்மவர் பலருடைய வீடுகளில், இந்தி அறியாத வயதான தாயோ தகப்பனோ பகல் முழுவதும் தனித்திருக்கின்றனர். அவர்களுக்குத் தமிழ்ப் பேச்சைக் கேட்கச் செய்வது டிஷ் ஆண்டெனாவே. வீடு மாறும்போது அது செயலற்றுப்போனால் அவர்களுடைய பகலும் ஊமையாகிவிடும். ஆகையால் அது இயங்கும் விதத்தை அறிந்துகொள்வது நலம்.

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்திலேயே அதுவும் பூமியைச் சுற்றி வருவதால், வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் காணப்படுகிறது. தரை நிலையத்திலிருந்து ஏறிவரும் அலைகளை அது நாடெங்கும் திருப்பி அனுப்புகிறது. ஏறி இறங்கக் கால் விநாடியே ஆகிறது. எனவே சென்னையில் இறங்கும் தமிழ் அலைவரிசை தில்லியிலும் இறங்குகிறது.

வந்து சேரும் அலை மிகவும் மெலிந்தது. கிண்ணம் அதைத் திரட்டி, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்னும் கருவியில் குவிக்கிறது. கம்பி வழியே அது செட்டாப் பாக்ஸை அடைகிறது. எல்லா அலைவரிசைகளும் கிண்ணத்தில் விழுந்தாலும், கட்டணம் செலுத்தியவற்றையே பெட்டி திறந்து காட்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வேண்டியவற்றைத் தனித்தனியே தெரிந்தெடுக்கலாம். வருவாய் குறைந்தோருக்கு, 2004-இல் தூர்தர்ஷன் தொடங்கிய, இன்று ஃப்ரீ டிஷ் எனப்படும் சேவை மாதக் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

பூமத்திய ரேகை நமக்குத் தெற்கே இருப்பதால், தில்லியில் கிண்ணம் தெற்கையோ தென்கிழக்கையோ நோக்கியே நிற்க வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனி மட்டும் உள்ள வீட்டில், மாடியின் மேல்தளத்தில் இடம் கிடைத்தாலன்றிப் படம் வராது. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் அத்திசையை நோக்குங்கள். உயர்ந்த கட்டடமோ மரமோ மறைக்கின்றதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் மேல்தளத்தில் கிண்ணம் பொருத்த அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கனமழையில் படம் மறைந்தால் அஞ்சாதிருங்கள். மழைத்துளிகள் அலையை உறிஞ்சிவிடுகின்றன. மழை தணிந்தபின் படம் திரும்பும். மார்ச், அக்டோபர் மாதங்களில் சில நாட்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே வரும் சில நிமிடங்களிலும் படம் தடைபடலாம். இவற்றிற்காகப் பழுதுபார்ப்போரை அழைத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம். வானம் தெளிந்த பின்னும் படம் வராவிடில், கம்பி இணைப்பையும் கிண்ணம் அசைந்துள்ளதா என்பதையும் முதலில் கவனியுங்கள்.

வீடு தேடுகையில் தண்ணீரையும் பேருந்து நிறுத்தத்தையும் விசாரிக்கிறோம். பெரியவர்களுக்காகத் தெற்கு வானத்தையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்போமாக.