வள்ளி கும்மி மேடையில் சாதி உறுதிமொழி ஏன்? கரீபியன் சோகா இசை காட்டும் வழி என்ன?

தை பிறந்துவிட்டால் காங்கேயம் வட்டாரத்தில் சிவன்மலை தைப்பூசத் தேர்தான் பேச்சு. அதற்குப் பின்னாலேயே மாரியம்மன் கோயில்களில் கம்பம் நட்டு, தினமும் ராத்திரி மேளத்துக்குக் கம்பத்தைச் சுற்றி ஆடும் காலம் வரும். இந்த ஆட்டங்களோடு சில ஆண்டுகளாக இன்னொன்றும் பெரிதாக வளர்ந்திருக்கிறது. அதுதான் வள்ளி கும்மி.

ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள், வேட்டி கட்டிய ஆண்கள், குழந்தைகள் என்று மைதானமே நிறைந்து ஆடும் வீடியோக்களை உங்கள் மொபைலிலும் பார்த்திருப்பீர்கள். அதே ஆட்டம் இன்னொரு காரணத்துக்காகவும் செய்தியானது. சில நிகழ்ச்சிகளில், சொந்த சாதிக்குள்தான் திருமணம் செய்துகொள்வோம் என்று உறுதிமொழி எடுக்கும் வீடியோக்கள் பரவின.

ஒரு கும்மியாட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்ப்போம்.

வள்ளி கும்மி என்றால் என்ன?

முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாட்டாகப் பாடி, வட்டமாகவும் வரிசையாகவும் அடியெடுத்து வைத்து ஆடும் கொங்கு நாட்டுக் கலை இது. ஆசிரியர் ஒருவர் பாட, ஆடுபவர்கள் கைதட்டி, குனிந்து நிமிர்ந்து, தாளத்துக்குத் தகுந்தபடி அடவுகளை மாற்றுவார்கள். வேலைவெட்டி முடிந்து சாயங்காலத்தில் ஊர்ப் பொது இடத்தில் பயிற்சி நடக்கும். கற்று முடித்ததும் கோயில் முன்போ மைதானத்திலோ ஊர் கூடி அரங்கேற்றம் நடக்கும்.

ஒரு காலத்தில் இதை ஆண்கள்தான் ஆடினார்கள். அந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த மூத்த கலைஞர் பத்ரப்பன். பெண்களுக்கும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த அவருக்கு, 2024-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 87.

இன்றைக்கு அரங்கேற்றங்களில் பெண்கள்தான் பெரும் கூட்டம். பள்ளி மாணவி, பனியன் கம்பெனிக்குப் போகும் பெண், பேரன் எடுத்த பாட்டி என எல்லாரும் ஒரே வரிசையில் ஆடுகிறார்கள். ஊர் முன்னால் தைரியமாக ஆட ஒரு இடம் கிடைத்தது பலருக்கும் பெரிய விஷயம்.

சர்ச்சை எங்கே வந்தது?

நூற்றுக்கணக்கான பேர் ஆட வேண்டும் என்றால் மைதானம், ஒலிபெருக்கி, சாப்பாடு, ஒரே மாதிரி உடை எல்லாம் வேண்டும். இதற்கு யாராவது செலவு செய்ய வேண்டும். பல இடங்களில் சாதி அமைப்புகளும் அரசியல் கட்சிக்காரர்களும் முன்னால் வந்தார்கள். செலவு செய்பவர் மேடையும் ஏறுவார். மேடை ஏறினால் பேசத்தானே செய்வார்?

அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் திருமண உறுதிமொழியும் வந்தது. பெரும்பாலும் அது இளம்பெண்களை நோக்கியே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆட்டத்தை ஆதரிப்பவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. "அழிஞ்சு போயிட்டிருந்த கலையை நாங்கதான் மீட்டோம். குடும்பமா வந்து ஆடறாங்க. எங்கோ ஒரு இடத்துல நடந்ததை வெச்சு மொத்தக் கலையையும் குறை சொல்லாதீங்க" என்பது அவர்கள் வாதம். எல்லா அரங்கேற்றத்திலும் உறுதிமொழி எடுப்பதில்லை என்பதும் உண்மை. கலையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் மேடையில் பேசுபவர்களுக்கும் வித்தியாசம் உண்டு.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. பாட்டில் வரும் கதை என்ன சொல்கிறது?

கதையில் இருப்பது காதல் திருமணம்

வள்ளி, வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த பெண். தினைப்புனம் காக்கப் போகிறாள். முருகன் வேடனாக வருகிறார், வேங்கை மரமாக நிற்கிறார், கிழவராக மாறுகிறார். கடைசியில் அண்ணன் விநாயகர் யானையாக வந்து உதவ, வள்ளியும் மனம் இசைகிறாள். இருவரும் வீட்டுக்குச் சொல்லாமல் புறப்படுகிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் வள்ளியின் தந்தையும் உறவினர்களும் ஆயுதத்தோடு துரத்துகிறார்கள். சண்டையில் அவர்கள்தான் விழுகிறார்கள். வள்ளி கேட்டுக்கொண்டதால் மறுபடி உயிர் பெறுகிறார்கள். பிறகு தந்தையே முன்னின்று திருமணம் செய்து வைக்கிறார்.

அதாவது, வேறு இடத்திலிருந்து வந்தவரை ஒரு பெண் தானாக விரும்பி ஏற்ற கதை இது. அந்தக் கதைக்கு ஆடி முடித்த கையோடு, வேறு சாதியில் மணக்க மாட்டோம் என்று சொல்லச் சொன்னால், அந்த உறுதிமொழி பாட்டுக்கே எதிராக நிற்கிறது.

இது வெறும் பேச்சு விவகாரமும் இல்லை. காங்கேயம் இருக்கும் அதே திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில், 2016 மார்ச்சில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையை நாடே சிசிடிவி காட்சியில் பார்த்தது.

சோகா இசைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இங்கிருந்து கடல் கடந்து டிரினிடாடுக்குப் போவோம். 1845 முதல் 1917 வரை சுமார் 1.4 லட்சம் இந்தியர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகம் வழியாக வட இந்தியாவிலிருந்து போனவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்களும் உண்டு. அங்கே ஏற்கெனவே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் விடுதலையான ஆப்பிரிக்க வம்சாவளியினர் இருந்தார்கள். இன்று இரு தரப்பும் ஏறத்தாழ சம அளவில் இருக்கும் நாடு அது.

அந்த நாட்டின் மிகப்பெரிய விழா கார்னிவல். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தெருவெல்லாம் ஆட்டம்தான். 2026-ல் அது பிப்ரவரி 16, 17. நம் தைப்பூசம் பிப்ரவரி 1. கிட்டத்தட்ட ஒரே பருவம்.

அந்தக் கார்னிவலை இன்று ஆள்வது சோகா இசை. 1970-களில் இதை உருவாக்கியவர் லார்ட் ஷார்ட்டி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பாடகர். இந்தியர்கள் நிறைந்த கிராமப் பகுதியில் வளர்ந்த அவர், கலிப்ஸோ இசையோடு டோலக், தபேலா, தந்தால் என்ற இரும்புத் தாளக் கருவி ஆகியவற்றின் தாளத்தைச் சேர்த்தார். 'சோகா' என்ற பெயரில் உள்ள 'கா' இந்தியத் தாக்கத்தைக் குறிப்பது என்று அவரே விளக்கினார்.

அந்தக் கலப்பு எல்லாருக்கும் உடனே பிடிக்கவில்லை. 1973-ல் ஓர் இந்தியப் பெண்ணைப் பற்றி அவர் பாடிய பாட்டுக்கு எதிர்ப்பு எழுந்தது. 1980-களின் இறுதியில் இந்திய வம்சாவளிப் பெண்ணான துருபதி ராம்கூனாய் கார்னிவல் மேடையில் ஏறினார். 1987-ல் 'சட்னி சோகா' என்ற பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டார். "நம்ம வீட்டுப் பொண்ணு அந்த மேடையில் ஆடலாமா?" என்ற ரீதியில் சொந்த சமூகத்திலிருந்தே கண்டனம் வந்தது.

அவர் நிறுத்தவில்லை. இன்று அந்த இசையின் ராணி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். 1996 முதல் சட்னி சோகாவுக்குத் தனிப் போட்டியே நடக்கிறது.

தடை போட்டால் கலை நிற்குமா?

டிரினிடாடில் ஆட்டத்தை அடக்கப் பார்த்தது சமூகம் மட்டுமல்ல. 1881-ல் கார்னிவல் ஊர்வலத்தை ஆங்கிலேய அரசின் போலீஸ் தடுத்தபோது பெரிய மோதல் வெடித்தது. பிறகு மேளத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. 1884-ல் இந்தியத் தொழிலாளர்களின் மொகரம் ஊர்வலத்தில் துப்பாக்கிச்சூடு நடத்தி பலரைக் கொன்றார்கள். முஸ்லிம்களோடு இந்துக்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் கலந்துகொண்ட விழா அது.

மேளம் போனதும் மக்கள் மூங்கிலைத் தட்டினார்கள். பிறகு தகர டப்பா, எண்ணெய் பீப்பாய் என்று கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். அந்தப் பீப்பாயிலிருந்து பிறந்த ஸ்டீல்பேன், இன்று அந்நாட்டின் தேசிய இசைக்கருவி.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தேர்தல் வந்தால் இன அடிப்படையில் ஓட்டுப் பிரிவது இன்றும் உண்டு. ஆனால் இசையில் மட்டும், வட்டம் விரிந்தபோதுதான் கலை வளர்ந்தது. இந்தியத் தாளம் இல்லாமல் சோகா இல்லை. பெண்கள் இல்லாமல் சட்னி சோகா இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வயது வந்த இருவர் விரும்பித் திருமணம் செய்துகொள்ள குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாதிக் கூட்டங்கள் அதில் தலையிடுவது சட்டவிரோதம் என்றும் அந்தத் தீர்ப்பு கூறுகிறது. மேடையில் எடுக்கும் உறுதிமொழி யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் ஊர் முன்னால் கையை நீட்டிச் சொன்ன வார்த்தை, பின்னாளில் ஒரு பெண் வீட்டில் தன் விருப்பத்தைச் சொல்ல முயலும்போது அவள் மீது சுமையாக இறங்கும்.

அடுத்து என்ன கவனிக்க வேண்டும்?

வள்ளி கும்மி இன்னும் வளரும் என்பதில் சந்தேகமில்லை. கவனிக்க வேண்டியவை மூன்று. ஊரில் உள்ள எல்லா சாதிப் பிள்ளைகளுக்கும் பயிற்சியில் இடம் இருக்கிறதா? செலவை ஊர்ப் பொதுவிலோ, பள்ளி, கலை பண்பாட்டுத் துறை போன்ற அமைப்புகள் வழியாகவோ பார்த்துக்கொள்ள முடியுமா? மைக் யார் கையில் இருக்கிறது?

பெண்களை வட்டத்துக்குள் கொண்டுவர ஒரு தலைமுறை கலைஞர்கள் உழைத்தார்கள். உள்ளே வந்த பெண் யாரை மணக்க வேண்டும் என்பதையும் அந்த வட்டமே முடிவு செய்யும் என்றால், அந்த உழைப்பில் பாதி வீண்தான். அடுத்த அரங்கேற்றத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அடவு என்ன கற்றாள் என்று கேட்பதோடு, மேடையில் என்ன சொல்லச் சொன்னார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.