செவிக்கும் விரலுக்கும் எட்டும் அறிவியல்



வேறொரு மாநிலத்திற்குப் புதிதாகக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. பேருந்தின் பெயர்ப்பலகையில் ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அவ்வெழுத்து தெரியாமையால் அதைப் படிக்க இயலாது. நடத்துநர் அப்பெயரை உரக்கச் சொன்னதும் விளங்கிவிடும். குறை நம் அறிவில் இல்லை. செய்தி நமக்கு எட்டும் வடிவில் இல்லை. பார்வையற்றோர் அறிவியல் நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அணுகும்போது எதிர்கொள்ளும் நிலையும் இத்தகையதே. நூலைக் கையில் பிடிக்க இயலாதோரும், எழுத்துகளைப் பிரித்தறிவதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா உடையோரும் இவ்வகையில் அடங்குவர்.

பார்வை இல்லையேல் அறிவியல் இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். 1946இல் நெதர்லாந்தில் பிறந்த கீரட் வெர்மே, மூன்று வயதில் பார்வையை இழந்தவர். அவர் கடற்சிப்பிகளையும் சங்குகளையும் விரல்களால் தடவியே ஆராய்ந்து, உலகறிந்த உயிரியல் அறிஞராக விளங்குகிறார். ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் படிக்கக் கேட்டு, பிரெயில் எழுத்தில் குறிப்பெடுத்தே அவர் கற்றார். படித்துக் காட்ட ஒருவர் வாய்க்காத மாணவரின் நிலை என்ன?

இன்று கணினியில் உள்ள எழுத்துகளை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் உண்டு. கதையையும் செய்தியையும் அது நன்றாகவே படிக்கும். அறிவியலில்தான் இடர் தொடங்குகிறது. ‘நான்கு கூட்டல் ஆறு வகுத்தல் இரண்டு’ என்று ஒருவர் படித்தால் விடை என்ன? ஆறு மட்டும் இரண்டால் வகுபட்டால் விடை 7. நான்கையும் ஆறையும் கூட்டிய பின் வகுத்தால் விடை 5. பின்னக்கோட்டின் நீளத்தைக் கண்டு கண் இதனை நொடியில் அறியும். செவிக்கு அக்கோடு தெரியாது. அவ்வாறே 10² என்பது எளிய எழுத்தாக மாறும்போது 102 ஆகிவிடக்கூடும். நூறு, நூற்றிரண்டாகத் திரிந்த பின் கணக்கு எவ்வாறு சரியாகும்?

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பார்வையற்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஆபிரகாம் நெமத் கணிதத்திற்கென உருவாக்கிய பிரெயில் முறை 1952இல் வெளிவந்தது. புனேயில் பிறந்து 14 வயதில் பார்வையை இழந்த டி. வி. இராமன், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். அவர் 1994இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், கணிதத்தைப் பேசும் மென்பொருளை உருவாக்கினார். அடுக்கெண் வரும்போது அதன் குரல் சற்று உயரும். எது எண், எது அடுக்கு, பின்னம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் குறிப்புகள் கட்டுரையாசிரியரின் மூலக் கோப்பிலேயே இருந்தமையால் இது இயன்றது.

நான் வலியுறுத்த விரும்புவது இதுவே. ஆசிரியரின் கோப்பில் இருக்கும் அக்குறிப்புகள், அச்சுப் பக்கத்தைப் போன்ற பிடிஎஃப் வடிவாகும்போது பெரும்பாலும் தொலைந்துவிடுகின்றன. பின்னர் யாரோ ஒரு தன்னார்வலர் அமர்ந்து, தொலைந்தவற்றை ஒவ்வொன்றாக மீட்க வேண்டியிருக்கிறது. வீட்டைக் கட்டி முடித்த பின் சுவரை இடித்து வாசல் வைப்பதை ஒத்தது இது. கட்டும்போதே வாசல் வைத்தல் வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே வழிவிட்டிருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை இலாப நோக்கின்றி மாற்றித் தர இசைவளித்தது. 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியாவே. ஆயினும், மாற்ற உரிமை இருப்பது வேறு. மாற்றப்பட்ட நூல் தேர்வுக்கு முன் மாணவர் கையில் இருப்பது வேறு.

‘சிலருக்காக இத்துணைச் செலவு எதற்கு?’ என்று கேட்போர் உளர். படிக்க நூல் இல்லாமையால் பார்வையற்ற மாணவர் பலர் அறிவியலை விட்டு விலகுகின்றனர். அவ்வாறு விலகியோரைக் காட்டி, படிப்போர் சிலரே என்பது முறையாகாது. மேலும், பின்னர் திருத்துவதற்கே செலவு மிகுதி. ஆர்கைவ் என்னும் ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியம், 2023இன் இறுதியிலிருந்து, ஆசிரியர்களின் மூலக் கோப்புகளைக் கொண்டே புதிய கட்டுரைகளை இணையப் பக்க வடிவிலும் வெளியிட்டு வருகிறது. அவ்வடிவம் கைப்பேசியில் படிப்போர்க்கும் பயன்படுகிறது.

தமிழுக்கும் இதில் கடமை உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்க் கட்டுரை கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. திரைவாசிப்பான் அதனைப் பொருளற்ற ஒலிகளாகப் படிக்கும். ஒருங்குறியில் எழுதினால் மட்டுமே அது தமிழாக ஒலிக்கும். அறிவியல் தமிழை வளர்க்க விழைவோர் முதலில் கவனிக்க வேண்டியது இது.

மாணவர்களே, நீங்கள் அறிவியல் செயல்திட்டம் தயாரிக்கும்போதே இப்பழக்கத்தைத் தொடங்கலாம். அட்டவணையைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். வரைபடத்தின் கீழ் ‘படம் 1’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ‘நீரின் வெப்பநிலை உயர உயர, அதில் கரையும் சர்க்கரையின் அளவு கூடுகிறது’ என ஒரு வரி சேருங்கள். நாளை உங்களுள் சிலர் ஆய்வாளராகலாம், சிலர் பதிப்பாளராகலாம். ஒரு கட்டுரையை வெளியிடுமுன், ‘இதனைச் செவியால் படிப்பவருக்கும் இதே விடை கிடைக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காதெனில், அக்கட்டுரை இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை என்றே கொள்ளுங்கள்.