இருபது அடி ஈட்டி

ஏரலில் இருந்து வடக்கே ஒரு நாள் நடந்தால் பாஞ்சாலங்குறிச்சி வந்துவிடும். அந்த ஊரின் பெயரைச் சொன்னதும் கட்டபொம்மன் நினைவுக்கு வருவார். அவர் தம்பி ஊமைத்துரையும் நினைவுக்கு வருவார். இருவரும் மாவீரர்கள். அதில் ஐயம் இல்லை. ஆனால், இரண்டு பேர் மட்டும் நின்று ஒரு கோட்டையைக் காக்க முடியுமா? முடியாது. காத்தவர்கள் யார்? அவர்கள் எப்படி நின்றார்கள்? கையில் என்ன ஆயுதம் இருந்தது? இவை தெரிந்தால்தான் அந்தப் போரின் பெருமை முழுதாக விளங்கும்.

கும்பினிப் படை

முதலில் எதிரியின் படையைப் பார்க்கலாம். 1796-ம் ஆண்டு ஏற்பாட்டின்படி, கும்பினியாரின் காலாட்படைப் பட்டாளம் ஒன்றில் 10 கம்பெனிகள் இருந்தன. கம்பெனி என்பது சிறு படைப்பிரிவு. அதில் சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் என்று படிப்படியாகப் பதவிகள். அவர்கள் எல்லோரும் இந்தியர்கள். அவர்களுக்கு மேலே வெள்ளைக்கார அதிகாரிகள்.

சிப்பாயின் ஆயுதம் துப்பாக்கி. அதன் முனையில் செருகும் கத்திக்குச் சனியன் என்று பெயர். ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். நன்றாகப் பழகியவர்கள் நிமிடத்துக்கு 2 அல்லது 3 முறை சுடுவார்கள். 100 கெஜத்துக்கு அப்பால் குறி தப்பும். அதனால்தான் சிப்பாய்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்றார்கள். உத்தரவு வந்ததும் எல்லோரும் ஒன்றாகச் சுட்டார்கள். ஒருவன் குண்டு தவறலாம். நூறு பேர் குண்டும் தவறுமா?

மண் கோட்டை

1799 அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடித்துத் தள்ளப்பட்டது. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவர் தப்பினார். மக்கள் திரண்டார்கள். சில நாட்களுக்குள் கோட்டை மறுபடியும் எழுந்தது. எல்லாம் மண். சுவரின் உயரம் சுமார் 12 அடிதான். சுற்றிலும் முள்வேலி.

அந்தப் போரில் கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, தாம் கண்டதைப் பின்னாளில் எழுதி வைத்தார். கோட்டையின் கொத்தளங்கள் சிறியவை; உள்ளே குழிவானவை. ஒவ்வொன்றிலும் சில வீரர்கள். அவர்கள் கையில் 18 முதல் 20 அடி வரை நீளமான ஈட்டிகள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் நின்று சுட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் என்ன? சுவரில் ஏறி வரும் சிப்பாய் ஒரு முறைதான் சுடலாம். ஏறிக்கொண்டே மருந்து கெட்டிக்க முடியாது. பிறகு சனியன்தான் துணை. துப்பாக்கியும் சனியனும் சேர்ந்து ஆள் உயரத்துக்குச் சற்றே அதிகம். எதிரே வரும் ஈட்டியோ அதைப்போல மூன்று மடங்கு! நெருங்கு முன்பே குத்து விழும்.

1801 மார்ச் 31-ந் தேதி நடந்தது அதுதான். பீரங்கியால் சுவரை உடைத்த பிறகும் கும்பினிப் படை உள்ளே நுழைய முடியவில்லை. பலத்த இழப்போடு திரும்பியது. ஏர் பிடித்த கைகள் பயிற்சி பெற்ற பட்டாளத்தைத் துரத்தின.

ஏன் வீழ்ந்தது?

கும்பினியார் சும்மா இருக்கவில்லை. கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வரவழைத்தார்கள். மே 24-ந் தேதி கோட்டை விழுந்தது. ஈட்டி 20 அடி நீளம். பீரங்கிக் குண்டோ அதற்கு எட்டாத தூரத்திலிருந்து வந்தது. கோட்டையை விட்டு வெளியேறிய வீரர்களை வெட்டவெளியில் குதிரைப்படை தாக்கியது. சுவர் இருந்தவரை பலமாக இருந்த நீண்ட ஈட்டி, ஓடும்போது சுமையாகிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. எட்டயபுரம் பாளையத்தார் கும்பினியின் பக்கம் நின்றார். பாளையங்கள் ஒன்றாக நின்றிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். வீரம் குறையவில்லை, ஒற்றுமைதான் குறைந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார். டிசம்பரில் பாளையங்களின் ஆயுதங்களை ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது.

சிறு குழுவின் பலம்

காலம் மாறியது. ஆயுதமும் மாறியது. இரண்டாம் உலகப் போரில் இந்தியக் காலாட்படையின் மிகச் சிறிய பிரிவு 'செக்‌ஷன்'. அதில் சுமார் 10 பேர். ஒரு நாயக் அல்லது அவில்தார் தலைவர். பெரும்பாலோர் கையில் ரைபிள். ஒரே ஒரு பிரென் இயந்திரத் துப்பாக்கி. அது எதிரியைத் தலை தூக்க விடாமல் சுடும்போது மற்றவர்கள் முன்னேறுவார்கள். ஒருவர் காக்க, ஒருவர் பாய வேண்டும். கொத்தளத்தில் நின்ற ஈட்டிக்காரருக்கும் துப்பாக்கிக்காரருக்கும் இருந்த உறவும் இதுவேதான். சிறு குழுவில் ஒருவரை ஒருவர் நம்பினால்தான் உயிர்.

1974-ல் அரசு பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனுக்கு நினைவுக் கோட்டை கட்டியது. பாராட்ட வேண்டிய செயல். அங்கே மாண்ட ஆங்கிலேயர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. ஆனால் மண் கொத்தளத்தில் ஈட்டி பிடித்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே?

பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் பெற்றோர்களும் ஆசிரியர்களும், தலைவனின் கதையோடு அந்தப் பெயர் தெரியாத வீரர்களின் கதையையும் சொல்ல வேண்டும். தலைவன் பெயரால் போர் நடக்கும். தோழன் தோளால்தான் கோட்டை நிற்கும்.