"தலையை நேராக வை"

வகுப்பறையில் முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டே கரும்பலகையைப் பார்க்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு கட்டளை: "தலையை நேராக வை." அக்குழந்தைக்கு டுவேன் சிண்ட்ரோம் இருக்குமாயின், அக்கட்டளைக்குக் கீழ்ப்படிந்த கணத்திலேயே அதற்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரியக்கூடும்.

அமெரிக்கக் கண் மருத்துவர் அலெக்சாண்டர் டுவேன், 54 நோயாளிகளை ஆராய்ந்து 1905இல் விரிவாக விவரித்த பிறவிக் குறைபாடு இது. கண்ணை வெளிப்புறம் திருப்பும் தசைக்குரிய ஆறாவது கபால நரம்பு கருவிலேயே சரிவர உருவாவதில்லை. மூன்றாவது நரம்பின் கிளையொன்று அத்தசையை வந்தடைகிறது. ஆகவே, கண்ணை உள்நோக்கித் திருப்ப முயலும்போது எதிரெதிர்த் தசைகள் இரண்டும் ஒருங்கே சுருங்குகின்றன. விழி பின்னுக்கு இழுபடுகிறது. இமைகளின் இடைவெளி குறுகுகிறது. வெளிப்புறம் நகராத இடக்கண்ணை உடைய குழந்தை முகத்தை இடப்புறம் திருப்பினால், இரு கண்களும் ஒரே பொருளில் பொருந்துகின்றன. முகத்திருப்பம் தீய பழக்கமன்று; குழந்தை தானே கண்டறிந்த தீர்வு.

இந்தியாவில் 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம், பிறவிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவதை நோக்கமாகக் கொண்டது. ஆயினும், கண் பரிசோதனை என்றால் எழுத்து அட்டை மட்டுமே என்று கருதப்படும்வரை இத்தகைய குழந்தைகள் கவனத்திற்கு வரமாட்டார்கள். தனித்தனியே சோதித்தால் இரு கண்களிலும் பார்வை தெளிவாகவே இருக்கக்கூடும். ஒரு பேனாவை இடமும் வலமும் நகர்த்தி, விழிகள் அதைத் தொடர்கின்றனவா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். குழந்தையின் பழைய புகைப்படங்களும் பேருதவி புரியும்: கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அதே முகத்திருப்பம் காணப்பட்டால், குறைபாடு பிறவியிலேயே இருந்ததற்கு அது வலுவான சான்று. புதிதாகத் தோன்றியதாயின், மூளையைப் பரிசோதிப்பதில் தாமதம் கூடாது.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவையில்லை. நேர்ப்பார்வையில் மாறுகண்ணோ, கழுத்தை வருத்தும் முகத்திருப்பமோ, விழியின் மிகுந்த பின்னிழுப்போ இருந்தால் மட்டுமே அது கருதப்படுகிறது. உட்புறத் தசையைப் பின்னுக்கு நகர்த்தித் தைப்பது வழக்கமான முறை. இதனால் தலை நேராகலாம். ஆனால் இல்லாத நரம்பு முளைக்காது, இழந்த அசைவும் முழுமையாகத் திரும்பாது. வெளிப்புறத் தசையைச் சுருக்கி வலுவூட்டலாம் என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. ஆனால் அது பின்னிழுப்பை மிகுவித்துவிடக்கூடும்.

இந்த எல்லையை அறுவைக்கு முன்பே பெற்றோருக்கு அவர்களது மொழியில் விளக்குவது மருத்துவத்தின் ஒரு பகுதியே. ஒப்புதல் படிவத்தில் பெறும் கையொப்பம் அதற்கு ஈடாகாது. "கண் சரியாகிவிடும்" என்ற ஒற்றை வாக்குறுதியை நம்பிய குடும்பத்திற்கு, வெற்றிகரமான அறுவையும் தோல்வியாகவே தோன்றும். அத்தோல்வியின் சுமையைச் சுமக்கப்போவது குழந்தை.