துப்பாக்கி விற்க யாருக்குத் தகுதி?

சட்டத்தை வேண்டுமென்றே மீறும் துப்பாக்கி வணிகர்களின் உரிமத்தை, கடுமையான மீறல்களாயின் முதல் முறையிலேயே ரத்து செய்வது என்பது 2021-இல் பைடன் நிர்வாகம் அறிவித்த கொள்கை. 2025 ஏப்ரலில் டிரம்ப் நிர்வாகம் அதைக் கைவிட்டது. உரிமத்தைப் பறிப்பது குறித்தே இரு தரப்பும் வாதிடுகின்றன. அது யாருக்கு, எந்தத் தகுதியின்பேரில் கொடுக்கப்படுகிறது என்பதை எவரும் அதிகம் கேட்பதில்லை.

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வணிகருக்கு விதிக்கும் நிபந்தனைகள் சிலவே. வயது 21 நிறைந்திருக்க வேண்டும்; துப்பாக்கி வைத்திருக்கத் தடை பெற்றவராக இருக்கக் கூடாது; விண்ணப்பத்தில் உண்மையை மறைத்திருக்கக் கூடாது; வணிகத்துக்கு ஓர் இடம் வேண்டும். இவற்றை நிறைவு செய்தவருக்கு உரிமம் தந்தே ஆக வேண்டும். அவர் பொறுப்பானவரா, சரக்குக் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பாரா என்று எடைபோட அதிகாரிக்கு அநேகமாக இடமில்லை.

1993 வரை மூன்றாண்டு உரிமத்துக்குக் கட்டணம் வெறும் 30 டாலர். பிராடி சட்டம் அதை 200 டாலராக உயர்த்தியது. மறு ஆண்டு விரல்ரேகையும் புகைப்படமும் கட்டாயமாயின. இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்த உரிமதாரர் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. கைரேகை கேட்டதற்கே இத்தனை பேர் விலகினார்கள் என்றால், அதுவரை எப்படிப்பட்டவர்கள் உரிமம் வைத்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

2002 அக்டோபரில் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் மறைந்திருந்து சுட்ட இருவர் பத்துப் பேரைக் கொன்றனர். அவர்களது துப்பாக்கி, நாட்டின் மறுகோடியில் உள்ள டகோமா நகரக் கடை ஒன்றிலிருந்து வந்தது. அதை விற்றதற்கான பதிவே கடையில் இல்லை. 238 துப்பாக்கிகளுக்குக் கணக்கில்லை என்பதும் பின்னர் வெளிவந்தது. மறு ஆண்டு உரிமையாளரின் உரிமம் ரத்தானது. கடையோ அவருடைய நண்பரின் பெயருக்கு மாறித் தொடர்ந்தது. புதிய விண்ணப்பதாரர் தாளில் தகுதியானவர். அவர் பழையவரின் வெறும் முகமூடி என்று நிரூபித்தால் ஒழிய, அவரை மறுப்பது எளிதன்று.

இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதற்கு நேரெதிர். ‘எந்தக் காரணத்தாலேனும் தகுதியற்றவர்’ என்று அதிகாரி கருதினாலே உரிமத்தை மறுக்கலாம். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஆனால், பொதுநலன் கருதி அதை விண்ணப்பதாரருக்குச் சொல்லாமலும் விடலாம். இது வேண்டியவருக்கு வளையும் அதிகாரம்தான். ஆயினும் டகோமா போன்ற கடையில் பெயர்ப்பலகை மட்டும் மாறுவதைத் தடுக்க இத்தகைய அதிகாரமே உதவும். காரணத்தை மறைக்கும் விதிவிலக்கை நீக்கிவிட்டால் அதன் ஆபத்தும் குறையும்.

அமெரிக்காவில் வழக்கமான சோதனை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது என்பது 1986 முதல் சட்டம். நடைமுறையில் பல கடைகளுக்கு ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் வருவதேயில்லை. குற்றச் செயல்களோடு தொடர்புபடுத்தி 1998-இல் தடம் காணப்பட்ட துப்பாக்கிகளில் 57 விழுக்காடு, வெறும் 1.2 விழுக்காடு விற்பனையாளர்களிடமிருந்து வந்தவை என்று அரசின் ஆய்வே கூறியது. அவர்கள் அனைவரும் குற்றவாளிகள் என்று இதற்குப் பொருளல்ல. விற்பனை மிகுந்த கடைகளும் அதில் அடங்கும். எனினும் உரிமம் புதுப்பிக்கப்படும்போதும், அதே கடைக்கு வேறொரு பெயரில் மனு வரும்போதும், அந்தக் கடையின் பழைய கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கச் சட்டம் கட்டாயப்படுத்தலாம்.