சமுதாயக்கூடத்தின் சாவி யாரிடம்?

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்கள் மூடியதும் நகரத்துச் சுவர்களில் வண்ண வண்ண நோட்டீசுகள் முளைக்கின்றன. “கோடைக் கலை முகாம்! ஓவியம், நாட்டியம், கிட்டார், களிமண் பொம்மை, நாடகம்!” பத்து நாள் பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம், பணம் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். கனதனவான்கள் வீட்டுப் பிள்ளைகள் குளிர்ச்சியான அறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளைகள் மீது நமக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. நாம் கேட்பது வேறு கேள்வி. அதே விடுமுறையில் மில் தொழிலாளியின் பிள்ளைக்கும், நாற்று நடுகிறவளின் பிள்ளைக்கும் என்ன கிடைக்கிறது?

வெயில் கிடைக்கிறது! பள்ளி மூடிய அன்றே சத்துணவுக் கூடமும் மூடுகிறது. மத்தியானச் சோறும் போயிற்று, முட்டையும் போயிற்று. தாயும் தகப்பனும் வேலைக்குப் போன வீட்டில் பத்து வயதுப் பெண் தம்பிக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய அக்காளைத் தேடி மில் தரகன் வந்து திண்ணையில் உட்காருகிறான். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கலியாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டுகிறான். ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் பல நூற்பு மில்கள் ஏழைப் பெண்களை அப்படித்தான் அள்ளிக்கொண்டு போயின. பெயர் மாறலாம், தரகன் மாறவில்லை.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று வாசலைச் சாத்தினார்கள். சாத்திய கையோடு கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறைக் காலத்திலும் பிள்ளை ‘உதவி’ செய்யலாமாம்! இந்தச் சலுகை யாருக்கு? பணக்கார வீட்டுப் பிள்ளை விடுமுறையில் பீடி சுற்றப் போவதில்லை. ஏழைப் பிள்ளையின் விடுமுறையைச் சட்டமே உழைப்பு நேரமாக எழுதி வைத்திருக்கிறது. இதுதான் விஷயத்தின் வேர்.

“என்ன செய்வது, கற்றுக்கொடுக்க ஆளில்லை, இடமில்லை” என்று கை விரிக்கிறார்கள் அதிகாரிகள். பொய்! ஆளும் இருக்கிறது, இடமும் இருக்கிறது.

முதலில் ஆளைப் பார்ப்போம். 2012-ல் தமிழக சர்க்கார் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அதிலும் மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்று பல ஆண்டுகள் நடத்தினார்கள். விந்தையைப் பாருங்கள். பிள்ளைக்கு ஓய்வு கிடைத்த மாதத்தில் ஓவிய வாத்தியாருக்குச் சம்பளம் இல்லாமல் போனது! பிள்ளை தெருவில், வாத்தியார் கூலி வேலையில். இருவரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கலாம் என்று எந்தக் கோட்டையிலும் தோன்றவில்லை.

வாத்தியார் மட்டுமா? பறையும், ஒயிலும், கரகமும், தெருக்கூத்தும் அறிந்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ விருது அளித்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் அதே பறையைச் சாவு வீட்டில் அடிக்கிற தொழிலாளி இன்றும் பல ஊர்களில் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறான். டெல்லியில் விருது, உள்ளூரில் தீண்டாமை! சென்னை சங்கமம் 2007-ல் தொடங்கி, சில ஆண்டுகளில் நின்று, 2023-ல் மறுபடியும் நடந்தது. பொங்கலுக்குப் பட்டணத்தார் கண்டு களிக்கக் கலைஞனை அழைத்து வந்தார்கள். அவன் சொந்த ஊர்ப் பிள்ளைக்கு ஆசானாக அவனை உட்கார வைக்க யார் வந்தார்கள்?

அடுத்தது இடம். சர்க்காரின் கலை பண்பாட்டுத் துறை நடத்துகிற ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டும் நடனமும் ஓவியமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அவை பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன. பஸ் சத்தம் கொடுத்துப் பிள்ளையை அங்கே அனுப்ப எந்த விவசாயக் கூலியால் முடியும்? நம் ஊரிலோ சமுதாயக்கூடம் இருக்கிறது. கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்குத் திறக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. கிளை நூலகம் இருக்கிறது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நம் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். அது நம் காசு. நம் காசில் கட்டிய கட்டடத்தின் முன்னால் நம் பிள்ளை வெயிலில் நிற்கிறது!

நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள்: “கூலி உயர்வுக்குப் போராடுகிற நேரத்தில் பாட்டும் கூத்தும் எதற்கு?” நியாயமான சந்தேகம்தான், பதில் சொல்ல வேண்டும். 1943 மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் உதயமானது. அது வங்காளம் பசியில் செத்துக்கொண்டிருந்த வருஷம். சோறில்லாத நேரத்தில் நாடகம் எதற்கு என்று அந்தக் கலைஞர்கள் நினைக்கவில்லை. ஊர் ஊராய்ப் பாடினார்கள், ஆடினார்கள். பஞ்சத்தின் கொடுமையை நாட்டுக்குச் சொல்லி நிவாரண நிதி திரட்டினார்கள். பாட்டு வயிற்றுக்கு எதிரியல்ல. நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று பேசப் பழகிய பிள்ளை, நாளைக்கு மேஸ்திரி முன்னாலும் தலை குனியாது. சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து தாளம் தட்டினால், சாதிக் கோட்டில் அன்றே ஓர் அங்குலம் அழியும். தினமும் மாலையில் கூடத்துக்கு வருகிற பெண் பிள்ளை ஒரு நாள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று ஊரே கேட்கும். தரகனுக்குப் பிடிக்காத கேள்வி அது!

ஆகவே நாம் பிச்சை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம். பள்ளி மூடிய நாள் முதல் திறக்கிற நாள் வரை ஒவ்வொரு சமுதாயக்கூடமும் காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட வேண்டும். எந்தத் தெருப் பிள்ளையையும் வாசலில் நிறுத்தக் கூடாது. கற்றுக்கொடுக்கிற வாத்தியாருக்கும் கலைஞருக்கும் பொன்னாடை மட்டும் போதாது, முழுக் கூலி வேண்டும். கற்க வருகிற பிள்ளைக்கு மத்தியானச் சோறு அங்கேயே வேண்டும்.

இதைக் கேட்க ஒரு மேடையும் நமக்கு உண்டு. மார்ச் 22-ந் தேதியும் மே 1-ந் தேதியும் கிராம சபை கூடுகிற நாட்கள். முதல் சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அடுத்த சபையில், பூட்டுத் திறந்ததா என்று கேளுங்கள். ஆண்கள் மட்டும் போய் நிற்காதீர்கள். பெண்கள் போகட்டும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.

தோழர்களே! கல் சுமந்தவர்கள் நாம், வரி கட்டியவர்கள் நாம். சாவி மட்டும் எப்படி இன்னொருவன் இடுப்பில் தொங்கும்? கேட்டு வாங்குங்கள்!